ஐஎல்எஸ் கிளைட் ஸ்லோப்: கொடி விழாமலே தவறாகக் காட்டுமா?

#1 காக்பிட்_மாணவி

வணக்கம். ஏடிபிஎல் (விமானப் போக்குவரத்து விமானி உரிமம்) ரேடியோ நேவிகேஷன் தாளுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். வகுப்புக் குறிப்பில் இப்படி இருக்கிறது: தரையில் ஐஎல்எஸ் (விமானத்தை ஓடுபாதைக்கு வழிகாட்டி இறக்கும் ரேடியோ அமைப்பு) கருவி கெட்டால் மானிட்டர் சில நொடிகளில் அதை அணைத்துவிடும், விமானத்தில் சிவப்புக் கொடி விழும், அதனால் கொடி இல்லையென்றால் ஊசியை நம்பலாம்.

ஆனால் 2000 ஜூலையில் சமோவாவின் ஃபலியோலோ விமான நிலையத்தில் ஒரு போயிங் 767-க்கு நடந்ததைப் படித்தேன். கொடி விழவில்லை, கிளைட் ஸ்லோப் (இறங்கும் பாதையின் சரிவு) ஊசி நட்டநடுவில், ஆட்டோ பைலட் ஒழுங்காகப் பிடித்து இறக்கியது. ஓடுபாதைக்கு இன்னும் ஐந்து கடல் மைலுக்கு மேல் இருக்கும்போதே விமானம் 400 அடி அளவுக்கு இறங்கிவிட்டது. விமானிகள் உணர்ந்து கோ-அரவுண்ட் (இறங்குவதைக் கைவிட்டு மீண்டும் ஏறுதல்) செய்ததால் தப்பியது. இது எப்படி நடக்க முடியும்? தரைக் கருவியில் சரியாக எந்த இடம் கெட்டால் இப்படி ஆகும்?

இன்னொன்று, "கிளைட் ஸ்லோப்பைக் கீழிருந்துதான் பிடிக்க வேண்டும், 9 டிகிரியில் பொய்ப் பாதை இருக்கிறது" என்கிறார்கள். ஏன் 9? கணக்கோடு யாராவது சொன்னால் மனதில் நிற்கும்.

#2 சிக்னல்காரர்

கொடி எதைப் பார்த்து விழுகிறது, ஊசி எதைப் பார்த்து நகர்கிறது என்று பிரித்துப் பார்த்தால் உங்கள் முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிடும் அம்மா.

கிளைட் பாத் (கிளைட் ஸ்லோப்பேதான்) ஆன்டெனாவிலிருந்து இரண்டு விதமான சிக்னல் போகிறது. ஒன்று சிஎஸ்பி. இதில் 329 முதல் 335 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்குள் ஒரு கேரியர் (சுமக்கும் அலை), அதன் மேல் 90 ஹெர்ட்ஸ், 150 ஹெர்ட்ஸ் என்று இரண்டு தொனிகள், இரண்டும் 40 சதவீத மாடுலேஷன். மற்றொன்று எஸ்பிஓ. இதில் கேரியர் கிடையாது, பக்கப்பட்டைகள் (தொனிகள் இருக்கும் பகுதி) மட்டும். 90-ம் 150-ம் ஒன்றுக்கொன்று எதிர்க் கட்டத்தில் (ஒன்றின் ஏற்றம் மற்றதன் இறக்கமாக) இருக்கும். இரண்டும் விமானம் இருக்கும் இடத்தில், வெளியில்தான் கலக்கின்றன. பாதைக்கு மேலே இருந்தால் 90 ஓங்கும், கீழே இருந்தால் 150 ஓங்கும், சரியாகப் பாதையில் இருந்தால் எஸ்பிஓ சுழியமாகி இரண்டும் சமமாகிவிடும். இந்த வித்தியாசத்துக்குத்தான் டிடிஎம் என்று பெயர். ஊசியை ஓட்டுவது டிடிஎம் மட்டுமே. 0.175 வந்தால் ஊசி விளிம்பில், 3 டிகிரிப் பாதையில் அது ஏறக்குறைய 0.7 டிகிரி விலகல்.

கொடி வித்தியாசத்தைப் பார்ப்பதே இல்லை. கேரியர் போதுமான வலுவில் இருக்கிறதா, இரண்டு தொனிகளின் கூட்டுத்தொகை இருக்க வேண்டிய அளவில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. 40-ம் 40-ம் 80. அது இருந்தால் கொடி ஒளிந்தே இருக்கும்.

இப்போது எஸ்பிஓ மட்டும் போய்விட்டது என்று வையுங்கள். கேபிள் அறுந்தாலும் சரி, பக்கப்பட்டைப் பெருக்கி செத்தாலும் சரி. சிஎஸ்பி மட்டும் வெளியே போகிறது. கூட்டுத்தொகை 80, ரிசீவருக்குத் திருப்தி. வித்தியாசம் சுழியம், அதுவும் எல்லா உயரத்திலும், எல்லாத் தூரத்திலும். ஊசி நடுவிலேயே நிற்கும். ஃபலியோலோவில் நடந்தது இதுதான்.

உங்கள் குறிப்பில் சொன்ன மானிட்டர் இதைக் கட்டாயம் பிடித்திருக்கும். மானிட்டர் பாதையின் நடுவை மட்டும் பார்ப்பதில்லை, அகலத்தையும் பார்க்கிறது. அகல சேனலில் 0.0875 டிடிஎம் இருக்க வேண்டிய இடத்தில் சுழியம் வந்தால் அலாரம். கேட்டகரி (எவ்வளவு குறைந்த பார்வைத்திறனில் இறங்கலாம் என்ற தரம்) ஒன்று கிளைட் பாத் என்றால் 6 நொடிக்குள் மாற்று டிரான்ஸ்மிட்டருக்குப் போக வேண்டும் அல்லது அணைய வேண்டும். கேட்டகரி இரண்டு, மூன்றுக்கு 2 நொடி. ஃபலியோலோவில் மானிட்டர் பைபாஸில் விடப்பட்டிருந்தது, அதாவது பார்க்கும், ஆனால் நடவடிக்கை எடுக்காது. கோபுரத்துக்கு நிலவரம் சொல்லும் கேபிளும் பூமிக்கடியில் சேதமாகியிருந்தது. ஆக கோபுரத்திலும் தெரியவில்லை, காக்பிட்டிலும் தெரியவில்லை.

லோகலைசரிலும் (ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காட்டும் ஐஎல்எஸ் பகுதி) இதே ஆபத்து உண்டு. அங்கே 20-ம் 20-ம், முழு விலகலுக்கு 0.155. எஸ்பிஓ போனால் ஊசி எந்தப் பக்கமும் நகராது.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கிளைட் பாத்துக்குத் தனி அடையாளக் குறியீடு கிடையாது. நீங்கள் கேட்கும் மோர்ஸ் லோகலைசருடையது. அது ஒலிப்பதால் கிளைட் பாத் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளவே கூடாது.

#3 வலதுசீட்

சிக்னல்காரர் சொன்னதைக் காக்பிட் பக்கத்திலிருந்து பார்ப்போம்.

இந்தக் கோளாறைக் காட்டிக்கொடுக்கும் முதல் அறிகுறி, ஊசி முன்கூட்டியே நடுவில் இருப்பது. சாதாரணமாக 10 கடல் மைலில், ஓடுபாதைக்கு 2000 அடி மேலே சமமாகப் பறக்கிறீர்கள் என்றால், அங்கே 3 டிகிரிப் பாதை சுமார் 3230 அடியில் இருக்கும். நீங்கள் ஒரு டிகிரிக்கு மேல் கீழே. ஊசி மேல் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். நெருங்க நெருங்க அது மெல்ல உயிர்பெற்று இறங்கி வர வேண்டும். அலைவரிசை வைத்த கணத்திலிருந்து நடுவிலேயே நின்றால், அதைக் கிளைட் ஸ்லோப் என்று எண்ணாதீர்கள். ஆட்டோ பைலட்டுக்கு இந்த வித்தியாசம் தெரியாது, ஊசி நடுவில் இருப்பதைக் கண்டதும் "பிடித்துவிட்டேன்" என்று அறிவிக்கும்.

இரண்டாவது, தூரத்தோடு உயரத்தை ஒப்பிடுவது. ஒரு கடல் மைல் 6076 அடி, 3 டிகிரியின் டேன்ஜென்ட் 0.0524, பெருக்கினால் மைலுக்கு 318 அடி. ஓடுபாதை முனையைக் கடக்கும் உயரம் 50 அடி, அதைச் சேருங்கள். பிறகு முனையின் கடல்மட்ட உயரம். சென்னையை எடுத்தால் விமான நிலைய உயரம் 52 அடி. 4 மைலில் 1272, அதோடு 50, அதோடு 52, கியூஎன்எச் (கடல்மட்டத்துக்குத் திருத்திய காற்றழுத்தம்) வைத்த ஆல்டிமீட்டரில் சுமார் 1375 அடி. 300-ஆல் பெருக்கும் குறுக்குவழி மனக்கணக்குக்கு நல்லதுதான். ஆனால் 8 மைலில் அது 140 அடிக்கு மேல் குறைத்துச் சொல்லும், அதை வைத்துக்கொண்டு "கிளைட் ஸ்லோப் உயரமாகக் காட்டுகிறது" என்று பதற வேண்டாம். சார்ட்டில் அச்சிட்ட தூர-உயர அட்டவணை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

மூன்றாவது இறங்கும் வேகம். தரைவேகம் 140 நாட் என்றால் 3 டிகிரிக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 740 அடி. எதிர்க்காற்றும் இல்லாமல், வால்காற்றும் இல்லாமல் 1000 அடி வேகம் கேட்கிறது என்றால் ஏதோ சரியில்லை.

வெப்பத்தை மறக்காதீர்கள். ஆல்டிமீட்டர் 15 டிகிரி செல்சியஸ் கடல்மட்ட வெப்பநிலையை நினைத்துக்கொண்டு உயரம் சொல்கிறது. மே மாதச் சென்னையில் 35 டிகிரி என்றால் காற்று விரிந்திருக்கும், கிளைட் ஸ்லோப்போ வெப்பத்தைப் பொருட்படுத்தாத வடிவியல் கோடு. 4 மைலில் பாதையின் மேல் சரியாக இருந்தாலும் ஆல்டிமீட்டர் 80, 90 அடி குறைவாகக் காட்டும். 1375-க்குப் பதில் 1290 போல. அது கோளாறு அல்ல. குளிர்நாடுகளில் நேர்மாறு, ஆல்டிமீட்டர் கூடுதலாகக் காட்டும்; அட்டவணை உயரத்தில் இருப்பதாக நினைக்கும்போது உண்மையில் தாழ்வாக இருப்பீர்கள், அதுதான் ஆபத்து.

#4 காக்பிட்_மாணவி

மிக்க நன்றி சார், கொடிக்கும் ஊசிக்கும் உள்ள வித்தியாசம் இப்போதுதான் விளங்குகிறது. 9 டிகிரி பற்றியும் யாராவது சொல்லுங்களேன்.

#5 தொடுவானம்

பொய்ப் பாதை ஆன்டெனாவின் கோளாறு இல்லை. உண்மைப் பாதையை உண்டாக்கும் அதே இயற்பியல்தான் அதையும் உண்டாக்குகிறது.

எளிமையான வகையான நல் ரெஃபரன்ஸை எடுத்துக்கொள்வோம். ஒரு கம்பத்தில் இரண்டு ஆன்டெனா. கீழே உள்ளது சிஎஸ்பி, மேலே உள்ளது எஸ்பிஓ. ஒவ்வொன்றிலிருந்தும் நேராக ஒரு அலை போகிறது, முன்னாலுள்ள தரையில் பட்டு இன்னொன்று போகிறது. தரையில் பட்ட அலை கட்டம் புரண்டு வருவதால் இரண்டும் சில கோணங்களில் கூடும், சில கோணங்களில் ஒன்றையொன்று அழிக்கும். முதல் அழிவு எந்தக் கோணத்தில் என்பதை ஆன்டெனாவின் உயரம் தீர்மானிக்கிறது: அலைநீளத்தை, கோணத்தின் சைனின் இருமடங்கால் வகுக்க வேண்டும். 332 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 0.903 மீட்டர், 3 டிகிரியின் சைன் 0.0523. விடை 8.63 மீட்டர். மேல் ஆன்டெனா அங்கே. கீழ் ஆன்டெனா அதில் பாதி, 4.31 மீட்டர்.

மேல் ஆன்டெனாவின் அழிவு 3 டிகிரியோடு நிற்காது. 6, 9, 12 என்று 3-இன் ஒவ்வொரு மடங்கிலும் வரும். ஒவ்வொரு அழிவைக் கடக்கும்போதும் கட்டம் புரளும். கீழ் ஆன்டெனாவுக்கு அழிவு 6-இல், 12-இல். ஊசி பார்ப்பது எஸ்பிஓ-வை சிஎஸ்பி-யால் வகுத்ததை. 3-ஐக் கடக்கும்போது மேலொன்று மட்டும் புரள்கிறது, ஊசி மேலிருந்து கீழாக மாறுகிறது, இதுதான் நமக்கு வேண்டிய பாதை. 6-இல் இரண்டும் சேர்ந்து புரள்வதால் விகிதத்தின் குறி மாறாது. 9-இல் மறுபடி மேலொன்று மட்டும் புரள்கிறது, ஊசி மீண்டும் சுழியத்தைக் கடக்கிறது. ஆனால் இந்த முறை திசை தலைகீழ்: 9-க்குக் கீழே "இறங்கு" என்கிறது, மேலே போனால் "ஏறு" என்கிறது.

இந்தத் தலைகீழ்தான் உயிரை வாங்கும். மேலிருந்து விரட்டி வரும் விமானத்தின் ஆட்டோ பைலட் ஊசி நடுவைக் கடக்கும் நொடியில் பிடித்துக்கொண்டு, அடுத்த நொடியில் தவறான திசையில் கட்டளை கொடுக்கும். 2013 மே 31 அன்று நெதர்லாந்தின் எய்ந்தோவனில் ஒரு 737-இன் மூக்கு இப்படித்தான் திடீரென்று கடுமையாக மேலே தூக்கி, ஸ்டாலை (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை) நெருங்கியது. டச்சுப் பாதுகாப்பு வாரியம் அதைத் தனியாக ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. 2017 ஜனவரி 16 அன்று கிர்கிஸ்தானின் பிஷ்கேக்கில் மூடுபனியில் ஒரு 747 சரக்கு விமானம் உயரமாக வந்து 9 டிகிரிப் பொய்ப் பாதையைப் பிடித்தது. சிக்னல் கைவிட்ட பிறகும் ஆட்டோ பைலட் 3 டிகிரி இறக்கத்தைத் தொடர்ந்தது. ஓடுபாதையைத் தாண்டி வீடுகளின் மேல் விழுந்து, விமானத்தில் 4 பேரும் தரையில் 35 பேரும் இறந்தார்கள்.

கீழிருந்து பிடித்தால் முதலில் எதிர்ப்படும் சுழியம் 3 டிகிரியினுடையதே. அதற்குக் கீழே வேறு சுழியம் இல்லை. காரணம் அவ்வளவுதான். வலதுசீட் சொன்ன தூர-உயர ஒப்பீடு இங்கேயும் காப்பாற்றும்: 3 மைலில் 3 டிகிரிப் பாதை ஆயிரம் அடிக்குச் சற்று மேல், 9 டிகிரி என்றால் 2900 அடி. மூன்று மடங்கு வித்தியாசத்தைக் கவனிக்க மனக்கணக்கே போதும்.

#6 நேவ்எய்ட்_ஆர்வலர்

தொடுவானம், சில பாடநூல்களில் 6 டிகிரியிலும் பொய்ப் பாதை உண்டு என்று போட்டிருக்கிறது. நீங்கள் 6-இல் குறி மாறாது என்கிறீர்கள். எது சரி?

#7 தொடுவானம்

நான் சொன்னது குறைபாடில்லாத நல் ரெஃபரன்ஸ், மட்டமான தரை என்ற கணக்கு. உண்மைக் களத்தில் 6 டிகிரியில் சிஎஸ்பி, எஸ்பிஓ இரண்டுமே சுழியத்தை ஒட்டி இருக்கும். மிகச் சிறிய எண்ணை மிகச் சிறிய எண்ணால் வகுத்தால் என்ன வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆன்டெனா உயரத்தில் சில சென்டிமீட்டர் பிசகு, தரையின் சரிவு, கேபிள் கட்டத்தில் சிறு வேறுபாடு, இவற்றில் எது ஓங்குகிறதோ அதைப் பொறுத்து குறி புரளலாம், கொடியும் விழலாம். இன்று அதிகம் நிறுவப்படும் எம்-அரே வகையில் 4.3, 8.6, 12.9 மீட்டரில் மூன்று ஆன்டெனா. அதன் வடிவம் இன்னும் சிக்கலானது. டச்சு வாரியத்தின் கண்டறிதலும் இதை ஒட்டியே இருந்தது: 6 டிகிரி அளவில் சில சமயம் சிக்னல் புரளும், 9-இல் எப்போதும் புரளும். எனவே பாடநூல் தவறில்லை, "எப்போதும்" என்று எழுதியிருந்தால்தான் தவறு.

#8 பரங்கிமலை_பார்வையாளர்

தரையில் பட்டு வரும் அலையும் சேர்ந்துதான் பாதை உருவாகிறது என்றால் மழைக்காலத்தில் என்ன ஆகும்? ஐப்பசி, கார்த்திகையில் புல்வெளியில் தண்ணீர் நிற்கும்போது பாதையின் கோணமே மாறிவிடாதா? மழைக்குப் பிறகு கிளைட் பாத் சேவையில் இல்லை என்று நோட்டாம் (விமானிகளுக்கான அறிவிப்பு) வருவது இதனாலா?

#9 சிக்னல்காரர்

அருமையான கேள்வி. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள், பராமரிப்பில் புதிதாகச் சேருபவர்களும்கூட.

முதலில் கோணம். எதிரொலிக்கும் பரப்பு 10 சென்டிமீட்டர் உயர்ந்தால் ஆன்டெனாவின் உயரம் 8.63-க்குப் பதில் 8.53 ஆகிறது. 3.00 டிகிரி 3.035 ஆகும், அவ்வளவே. அலாரம் எல்லை கீழே 0.075 மடங்கு, மேலே 0.10 மடங்கு, அதாவது 2.775-இலிருந்து 3.30 வரை. தண்ணீரால் 3.30-ஐத் தொட வேண்டுமென்றால் முக்கால் மீட்டருக்கு மேல் சமமாகத் தேங்க வேண்டும். அந்த நிலையில் ஓடுபாதையே மூடியிருக்கும். பனி பல அடி விழும் நாடுகளில்தான் கோணம் உண்மையாகவே கவலை. நம்மூரில் தண்ணீர் சீராக நிற்காமல் பள்ளத்தில் மட்டும் நின்றால் பாதையில் நெளிவு வரலாம், கோணம் பெரிதாக மாறாது.

அப்படியானால் அலாரம் ஏன் வருகிறது? மானிட்டர் இரண்டு வகை. இன்டெக்ரல் மானிட்டர் ஆன்டெனாவுக்குள்ளேயே இருக்கும் சிறு பிக்கப்புகளிலிருந்து மாதிரி எடுத்து, பாதையில் என்ன தெரியும் என்று உள்ளுக்குள் கூட்டிக் கணிக்கிறது. தரை எப்படி இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. நியர் ஃபீல்ட் மானிட்டர் ஆன்டெனாவுக்கு முன்னால் கொஞ்ச தூரத்தில் தனிக் கம்பத்தில் நிற்கிறது. அது தரையையும் பார்க்கிறது, ஆனால் மிக அருகிலிருந்து. அந்த நெருக்கத்தில் நேர் அலைக்கும் தரையில் பட்ட அலைக்கும் உள்ள பாதை வித்தியாசம், பல மைல் தள்ளி வரும் விமானத்துக்கு இருப்பது போல இருக்காது. காய்ந்த மண் நனைந்ததும் எதிரொலிப்பு மாறும். அந்த மாற்றம் நியர் ஃபீல்டில் பெரிதாகத் தெரியும், விமானத்தில் அற்பமாக இருக்கும். புல் வளர்ந்தாலும், கம்பத்துக்கு முன் ஒரு மாடோ டிராக்டரோ நின்றாலும் இதே கதைதான்.

ஆகவே மழைக்குப் பிறகு நியர் ஃபீல்ட் அலாரம் வந்தால் டிரான்ஸ்மிட்டரைத் திருகி அலாரத்தை அணைப்பது மிக மோசமான வேலை. சரியாக இருக்கும் பாதையை, தவறாகப் படிக்கும் மானிட்டருக்காகக் கெடுத்துவிடுவீர்கள். மண் காய்ந்ததும் எதிர்ப்பக்கம் அலாரம் வரும், மறுபடி திருகுவார்கள், கடைசியில் ஃபிளைட் செக்கில் (சோதனை விமானம் பறந்து சிக்னலை அளப்பது) வைத்த மதிப்பு எங்கே போனதென்றே தெரியாது.

செய்ய வேண்டியது: முதலில் இன்டெக்ரல் சேனல்களில் நடு டிடிஎம், அகல டிடிஎம், மாடுலேஷன் கூட்டுத்தொகை, ஆர்எஃப் அளவு நான்கையும் பாருங்கள். அவை நான்கும் பழைய பதிவோடு ஒத்துப்போய் நியர் ஃபீல்ட் மட்டும் விலகியிருந்தால் வெளியே போய்த் தரையையும் மானிட்டர் கம்பத்தையும் பாருங்கள். கம்பத்து ஆன்டெனாவின் கனெக்டரில் தண்ணீர் இறங்கியிருப்பது மழைக்காலத்தில் மிகச் சாதாரணம். கழற்றி, காயவைத்து, பச்சை பூத்திருந்தால் மாற்றி, மறுபடி சீல் செய்யுங்கள். அதன் பிறகு கையடக்க ஐஎல்எஸ் ரிசீவரை, ஃபிளைட் செக் முடிந்த அன்று அளந்த அதே குறியிட்ட இடத்தில், அதே உயரத்தில் வைத்து அளந்து ஒப்பிடுங்கள். அன்றைய எண்கள் பதிவேட்டில் இல்லையென்றால் இந்த அளவுக்குப் பொருளே இல்லை. அதனால்தான் ஃபிளைட் செக் விமானம் கிளம்பியதும் செய்ய வேண்டிய முதல் வேலை தரை அளவுகளை எடுத்து எழுதிவைப்பது.

இன்டெக்ரலும் சேர்ந்து விலகியிருந்தால் அது வேறு விஷயம், உண்மையான கோளாறு. அகலம் மட்டும் விரிந்து நடு அசையாமல் இருந்தால் எஸ்பிஓ வழியைச் சந்தேகியுங்கள். எஸ்பிஓ 3 டெசிபெல் குறைந்தால் அகலம் 1.4 மடங்காகும், 0.7 டிகிரி 1 டிகிரி ஆகிவிடும். கோணம் மாறாது, ஏனென்றால் கோணத்தை முடிவுசெய்வது உயரம்தான். ஃபீடர் கேபிளில் ஈரம் புகுந்து எஸ்பிஓ-வின் கட்டம் திரும்பினாலும் அகலம் விரியும். பிரித்தறிய எஸ்பிஓ வழியில் 90 டிகிரிக் கட்டத் துண்டைச் செருகுங்கள்: கட்டம் சரியாக இருந்தால் பாதைக்கு வெளியே வைத்த ரிசீவரில் டிடிஎம் சுழியமாகும். ஆகவில்லையென்றால் கட்டம்தான் குற்றவாளி. ஆன்டெனாவை எதிரொலி இழப்புக்கும் சோதியுங்கள்.

இவற்றையெல்லாம் மானிட்டரை பைபாஸில் போட்டுத்தான் செய்ய வேண்டியிருக்கும். ஃபலியோலோவின் பாடம் இங்கேதான் வருகிறது. பைபாஸ் போடும்முன் நோட்டாம், கோபுரத்துக்குத் தகவல், லோகலைசரையும் தொட்டால் அடையாளக் குறியீட்டை நிறுத்துவது. முடித்த பிறகு பைபாஸை எடுத்துவிட்டு ஒரு அலாரத்தை வேண்டுமென்றே உண்டாக்கி, கருவி உண்மையிலேயே மாறுகிறதா, அணைகிறதா, கோபுரத்து விளக்கு மாறுகிறதா என்று தொலைபேசியில் அங்குள்ளவரிடம் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். சுவிட்ச் சாதாரண நிலையில் இருப்பதைக் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. ஆன்டெனாவையோ ஃபீடரையோ மாற்றியிருந்தால் ஃபிளைட் செக் இல்லாமல் சேவைக்கு விடக்கூடாது.

#10 கோபுரம்_ஷிஃப்ட்

கருவியும் மானிட்டரும் சரியாக இருந்தும் சிக்னல் தவறும் நிலை ஒன்று உண்டு, அதையும் மாணவி தெரிந்துகொள்ள வேண்டும். வெளியில் ஏதாவது குறுக்கே வருவது.

லோகலைசர் ஆன்டெனா வரிசை ஓடுபாதையின் மறுமுனைக்கு அப்பால், பெரும்பாலும் 300 மீட்டர் அளவில் நிற்கிறது. கிளைட் பாத் கம்பம் முனையிலிருந்து சுமார் 300 மீட்டர் உள்ளே, நடுக்கோட்டிலிருந்து 120 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில். இவற்றைச் சுற்றிய கிரிட்டிக்கல் ஏரியாவில் ஐஎல்எஸ் பயன்பாட்டில் இருக்கும்போது வாகனமோ விமானமோ இருக்கக்கூடாது. அதற்கு வெளியே விரிந்திருக்கும் சென்சிட்டிவ் ஏரியாவை நாங்கள் காலியாக வைத்திருப்பது குறைந்த பார்வைத்திறன் நடைமுறை அமலில் இருக்கும்போது மட்டும். மற்ற நாட்களில் அங்கே டாக்ஸி செய்யும் அகல உடல் விமானத்தின் வால் லோகலைசர் சிக்னலை வளைக்கும், நாங்கள் தடுக்க மாட்டோம், ஏனென்றால் விமானி கண்ணால் பார்த்து இறங்குவார் என்பது கணக்கு.

2011 நவம்பர் 3, மியூனிக். குறைந்த பார்வைத்திறன் நடைமுறை அமலில் இல்லை. ஒரு 777-300ஈஆர் ஆட்டோலேண்ட் (ஆட்டோ பைலட்டே தரையிறக்குவது) செய்துகொண்டிருந்தது. முன்னால் புறப்பட்ட ஆவ்ரோ ஆர்ஜே85 லோகலைசர் ஆன்டெனாவின் மேல் பறந்த நேரமும் 777 தரையைத் தொடவிருந்த நேரமும் ஒன்றாகிவிட்டன. சிக்னல் வளைந்தது, ஆட்டோ பைலட் அதையே பின்தொடர்ந்தது. விமானம் இடப்பக்கம் புல்லுக்குப் போய், ஓடுபாதையைக் குறுக்கே கடந்து, வலப்பக்கப் புல்லில் நின்றது. யாருக்கும் காயமில்லை. மானிட்டர் இங்கே ஒன்றும் செய்திருக்க முடியாது: லோகலைசரில் கேட்டகரி ஒன்றுக்கு 10 நொடி, மூன்றுக்கு 2 நொடி அவகாசம் இருப்பதே நொடிநேர இடையூறுகளுக்கு அணையாமல் இருக்கத்தான்.

வானம் தெளிவான நாளில் பயிற்சிக்காக ஆட்டோலேண்ட் செய்கிறீர்கள் என்றால் கோபுரத்திடம் முன்பே சொல்லுங்கள். பகுதியைக் காலியாக வைக்க முடியாது என்று நாங்கள் சொன்னால் கையைக் கன்ட்ரோலில் வைத்திருங்கள்.

#11 நேவ்எய்ட்_ஆர்வலர்

இவ்வளவு தொல்லை ஏன்? ககன் (இந்தியாவின் செயற்கைக்கோள் வழிகாட்டல் அமைப்பு) வந்துவிட்டது. 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கரில் ஏடிஆர் 72 விமானம் எல்பிவி அப்ரோச் (செயற்கைக்கோள் வழிகாட்டலில் சரிவாக இறங்கும் முறை) செய்து காட்டியாகிவிட்டது. தரையில் ஆன்டெனாவே வேண்டாமே.

#12 வலதுசீட்

ஐஎல்எஸ் போட முடியாத சிறிய நிலையங்களுக்கு ககன் பெரிய வரம், சந்தேகமில்லை. ஆனால் செயற்கைக்கோள் சிக்னல் தரையை அடையும்போது மிகமிக மெலிந்தது; ஜாமிங் (சிக்னலை அமுக்குவது), ஸ்பூஃபிங் (போலி சிக்னல் அனுப்புவது) நடக்கும் பகுதிகளில் அது மணிக்கணக்கில் பயனற்றுப் போகிறது. அமெரிக்கா விஓஆர்களை (தரையிலிருந்து திசை காட்டும் ரேடியோ நிலையங்களை) குறைத்தபோதும், ஜிபிஎஸ் போனால் இறங்குவதற்கென்று ஒரு குறைந்தபட்சத் தொகுப்பை விட்டுவைத்தது இதனால்தான். மேலும் ககனால் கேட்டகரி இரண்டு, மூன்று இறக்கம் முடியாது. டெல்லியின் டிசம்பர் மூடுபனிக்கு ஐஎல்எஸ் வேண்டும்.

#13 காக்பிட்_மாணவி

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. எல்லாவற்றுக்கும் தூரத்தை, அதாவது தூரம் காட்டும் ரேடியோ கருவியான டிஎம்இ-யை வைத்து ஒப்பிடு என்கிறீர்கள். டிஎம்இ-யே தவறாக இருந்தால்?

#14 சிக்னல்காரர்

கேட்க வேண்டிய கேள்வி. டிஎம்இ வேறு பட்டை, வேறு டிரான்ஸ்மிட்டர், வேறு கொள்கை. அதனால் கிளைட் பாத்தோடு சேர்ந்து அதே விதத்தில் கெடுவது அரிது. விமானம் 12 மைக்ரோ நொடி இடைவெளியில் இரட்டைத் துடிப்பு அனுப்புகிறது, தரைக் கருவி வாங்கி 50 மைக்ரோ நொடி கழித்து 63 மெகாஹெர்ட்ஸ் தள்ளிப் பதில் தருகிறது. உதாரணமாக லோகலைசர் 110.3 வைத்தால் கிளைட் பாத் 335.0, டிஎம்இ 40எக்ஸ் சேனல் தானாக வரும். கேள்வி 1064-இல், பதில் 1001-இல். போய்வர ஒரு கடல் மைலுக்கு 12.36 மைக்ரோ நொடி. அந்த 50-இல் 1 மைக்ரோ நொடி நழுவினால் 0.08 மைல், அதாவது 150 மீட்டர் பிழை. 4 மைலில் அது 26 அடி உயர வித்தியாசம். மானிட்டர் இதற்கும் உண்டு.

கருவி கெடுவதைவிட ஆள் ஏமாறுவதுதான் அதிகம். ஹோல்ட் பொத்தானில் பழைய நிலையத்தின் டிஎம்இ தங்கியிருக்கும், திரையில் தூரம் ஒழுங்காக ஓடும், ஆனால் அது வேறொரு இடத்திலிருந்து தூரம். அடையாளத்தைக் கேளுங்கள்: லோகலைசர் 1020 ஹெர்ட்ஸில் ஒலிக்கும், அதோடு இணைந்த டிஎம்இ 1350 ஹெர்ட்ஸில், சற்று உயர்ந்த சுருதியில், 40 நொடிக்கு ஒரு முறை வரும். முழுதாக 40 நொடி காத்திருந்தும் உயர்ந்த சுருதி வரவில்லையென்றால் டிஎம்இ அடையாளம் இல்லை, அந்தத் தூரத்தை நம்பாதீர்கள்.

#15 வலதுசீட்

அதோடு சுழியம் எங்கே என்பதையும் சார்ட்டில் பாருங்கள் மாணவி. சாய்தூரப் பிழை (டிஎம்இ தரைத்தூரத்தை அளக்காமல் சாய்வான நேர்தூரத்தை அளப்பதால் வருவது) இங்கே பொருட்டல்ல, 4 மைலில் 1300 அடிக்கு அது நூறில் ஒரு மைல்கூட வராது. ஆனால் டிஎம்இ-யின் தாமதத்தைச் சரிசெய்து ஓடுபாதை முனையில் சுழியம் காட்டும்படி வைத்திருக்கிறார்களா, இல்லை கிளைட் பாத் கம்பத்தருகே சுழியமா என்பது நிலையத்துக்கு நிலையம் மாறும். இரண்டாவது வகையில் முனையிலேயே 0.2 போலக் காட்டும், 4.0 என்று படிக்கும்போது உண்மையில் முனைக்கு 3.8 தான். 60 அடி வித்தியாசம். ஒரே டிஎம்இ ஓடுபாதையின் இரு முனைக்கும் பொதுவாக நடுவில் இருந்தால் வித்தியாசம் இன்னும் கூடும். விஓஆர் டிஎம்இ-யை வைத்து ஒப்பிட்டால் மைலுக்கு 318 என்ற கணக்கை நேரடியாகப் போடவே கூடாது, அந்த நிலையத்துக்கென்று சார்ட்டில் அச்சிட்ட உயரங்களை மட்டும் எடுங்கள். பிரீஃபிங்கின்போதே இறுதி அப்ரோச் புள்ளியின் தூரத்தையும் உயரத்தையும் ஜோடியாக வாய்விட்டுச் சொல்லி வைத்துக்கொண்டு, கடக்கும்போது ஆல்டிமீட்டரைப் படித்து மீண்டும் சொல்லுங்கள்.